மேர் வீட்டு ஓட்டு

தேர்தலில் தோற்பது ஒன்றும் உலகத்தில் நடக்காத விஷயமில்லை. தோற்றவன் நாலு நாள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பான், ஒரு மாசம் யாருக்கும் முகம் கொடுக்கமாட்டான், அப்புறம் அடுத்த தேர்தலுக்கு ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவான். ஐந்து வருஷத்தில் புதிதாக ஒருத்தன் தோற்பான், பழைய தோல்வியை ஊர் மறந்துவிடும். ஏரிப்பேட்டையில் மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே அடுத்த தேர்தல் என்று ஒன்று வந்தால்தானே அடுத்தவன் தோற்க முடியும்? பாத்திரக்கடை சண்முகசுந்தரம் இரண்டாயிரத்தாறில் தோற்றார். பதினைந்து வருஷம் ஆகியும் அந்த ஊரில் கடைசியாகத் தோற்றவர் அவர்தான்.

ஏரிப்பேட்டை பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகிற பக்கம் இருக்கிறது. ஒரு கடைத்தெரு, அதன் முதுகில் நாலைந்து குடியிருப்புத் தெருக்கள், அதற்கப்புறம் நெல் வயல். இன்றைக்கு அது பாகூர் கொம்யூனில், அதாவது பாகூரை வைத்து நடக்கிற வட்டார நிர்வாகத்தில், ஒரு பஞ்சாயத்து, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் தனிக் கொம்யூனாக இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இருந்தது. மேயரை அந்தக் காலத்தில் மேர் என்பார்கள். அப்படி ஒரு மேர் ஏரிப்பேட்டைக்கும் இருந்தார். கல்யாணத்தைப் பதிய வேண்டுமானாலும், பிள்ளை பிறந்ததை எழுத வேண்டுமானாலும், எருமை பயிரில் இறங்கிய வழக்கைத் தீர்க்க வேண்டுமானாலும் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த மேர், சண்முகசுந்தரத்தின் தாத்தா அரிகரன். தோளிலிருந்து இடுப்புக்கு நீலம் வெள்ளை சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, கீழே வேட்டியும் காலில் ஷூவுமாக அவர் நிற்கிற போட்டோ இன்னும் பாத்திரக்கடைக் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. தொடர்ந்து மூன்று தேர்தலில் ஜெயித்தவர். எப்படி ஜெயித்தார் என்று கேட்கக்கூடாது. செத்துப்போனவர்களும் வரிசையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போன காலம் அது. பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே மாலை வாங்க ஆள் அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அரிகரனிடம் ஒரு வழக்கம் இருந்தது. தன் ஓட்டைத் தனக்குப் போட்டுக்கொள்ளமாட்டார். எல்லாரும் பார்க்க, எதிராளியின் பேர் அச்சடித்த சீட்டைக் கேட்டு வாங்கி, மடித்து, உறையில் போட்டுப் பெட்டியில் இடுவார். 'எனக்கு ஊர் போடும், அவருக்கு நான் போடறேன்' என்பார். கூட்டம் கைதட்டும். எதிராளிக்கே கண் கலங்கிப்போகுமாம். வெள்ளைக்காரன் போன பிறகு அறுபத்தெட்டில் நடந்த தேர்தலில் சண்முகசுந்தரத்தின் அப்பாவும் நின்றார், ஜெயித்தார், எதிராளிக்கே ஓட்டுப் போட்டார். மேர் வீட்டு ஓட்டு எதிராளிக்குத்தான் என்பது அந்தக் குடும்பத்தில் சோறு தின்பதைப் போல ஒரு சாதாரண வழக்கமாகிவிட்டது.

அந்த அறுபத்தெட்டோடு சரி. அப்பாவின் பதவிக்காலம் முடிந்தது, மேர் என்ற பேரும் போனது, தேர்தலை மட்டும் மறந்துவிட்டார்கள். சர்க்காருக்கு மறதி வந்தால் சாதாரணமாக வராது. சண்முகசுந்தரம் பள்ளிக்கூடம் முடித்து, கடையில் உட்கார்ந்து, கல்யாணம் கட்டி, மகளைக் கட்டிக் கொடுத்து, தலையும் நரைக்க ஆரம்பித்த பிறகு இரண்டாயிரத்தாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட வந்த முக்கால்வாசிப் பேருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் என்றால் யார் என்பதையே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. சண்முகசுந்தரத்துக்கு மட்டும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போட்டோவில் இருந்தவர் பேரன் அவர். முதல் நாளே பூட்டுச் சின்னம் வாங்கினார்.

எதிரில் நின்றவர் பரிதா. பாத்திரக்கடைக்கு நேர் எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கும் உதுமானின் மனைவி. வியாபாரிகள் சங்கம் உதுமானைத்தான் நிறுத்தப் பார்த்தது. அவர் கொம்யூன் கடை ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார், அப்படிக் குத்தகை எடுத்தவர் நிற்கக்கூடாது என்று சட்டம். சரி, வீட்டம்மா பேரைக் கொடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சின்னம் சீப்பு. சண்முகசுந்தரம் அதைப் பார்த்துவிட்டு, பாவம் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

ஓட்டுப் போடுகிற அன்று அரசுப் பள்ளிக்கூடத்தில், அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், சீப்பின் மேலே நட்ட நடுவில் முத்திரையைக் குத்தினார். தாத்தா மாதிரி ஊருக்குக் காட்டிப் போட முடியாத காலமாகிவிட்டதே என்று மட்டும் ஒரு வருத்தம். மடித்துப் போட்டுவிட்டு, வெளியே நின்றிருந்த பரிதாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். பெரிய மனுஷன் சின்ன மனுஷிக்குப் போடுகிற கும்பிடு. அந்தம்மா பதறிப்போய் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

எண்ணி முடித்தபோது பரிதா ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணினார்கள். அதே ஒரு ஓட்டு. சண்முகசுந்தரம் மேஜை ஓரத்தில் நின்று, சீப்பில் குத்திய சீட்டுகள் ஒவ்வொன்றாகப் புரளுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று அவருடையது. அந்த ஒன்றைத் தனக்கே குத்தியிருந்தால் அவருக்கு ஒன்று கூடியிருக்கும், பரிதாவுக்கு ஒன்று குறைந்திருக்கும், ஒரு ஓட்டில் ஜெயித்தது அவராகியிருக்கும். வாயைத் திறந்து சொல்ல முடியுமா? சொன்னால் ஊர் வருஷக்கணக்கில் சிரிக்கும். மனைவி தையலம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியேதான் சொல்லவில்லை. உள்ளே அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினார். நான் தோற்கவில்லை, கொடுத்தேன். அந்த நாற்காலி நான் போட்ட பிச்சை. காலையில் ஷட்டரைத் தூக்கி, எதிர்க்கடையில் பரிதா புடவைக் கட்டை அடுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வார். காப்பி குடித்த மாதிரி தெம்பாக இருக்கும். ஊரே தலைவரம்மா, தலைவரம்மா என்று கூப்பிட்டது. அவர் வாயில் மட்டும் அந்த வார்த்தை வரவே இல்லை. 'உதுமான் வூட்டம்மா' என்பார். நேரில் பேச வேண்டி வந்தால் 'இன்னாம்மா'வோடு நிறுத்திக்கொள்வார்.

பரிதா ஐந்து வருஷத்தில் பெரிதாக எதையும் கிழித்துவிடவில்லை என்பது சண்முகசுந்தரத்தின் கட்சி. கடைத்தெரு வாய்க்காலைக் கட்டினார். அதற்கு முன்னால் ஐப்பசி மழைக்கு ஒவ்வொரு வருஷமும் பாத்திரக்கடைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், அண்டாக்கள் கடைக்குள்ளேயே மிதக்கும். வாய்க்கால் வந்த பிறகு ஒரு சொட்டு ஏறவில்லை. 'நானா இருந்தா சிமெண்ட இன்னும் கெட்டியா போட்டிருப்பேன்' என்று அதற்கும் ஒரு குறை வைத்திருந்தார் மனுஷன்.

பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இந்த வருஷம், அடுத்த வருஷம் என்றார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டில் துரு ஏறியது. எல்லா வேலையும் பாகூர் கொம்யூன் ஆபீசுக்குப் போய்விட்டது, அங்கே அதிகாரிகள் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்தார்கள். ஜனங்களுக்கு அது ஒத்துவரவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் ஜவுளிக்கடைக்குத்தான் போனார்கள். பரிதாவும் எனக்கு இப்போது பதவி இல்லை என்று ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. ரவிக்கைத் துணியை அளந்துகொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, 'சார், ஏரிப்பேட்டை பரிதா பேசறேன்' என்பார். எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதே சண்முகசுந்தரத்துக்குப் பாதி வேலை.

கொரோனா கொஞ்சம் அடங்கிய புரட்டாசியில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். டீக்கடையில் போனைப் பார்த்து யாரோ சொன்னபோது சண்முகசுந்தரம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வயது அறுபத்தேழு. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, அப்போது தான் இருப்போமோ இல்லையோ. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தோற்றவனாகச் சாகக்கூடாது.

"நான் நிக்கப் போறேன்" என்று அன்று சாப்பிடும்போது சொன்னார்.

"மாடியில போயி தண்ணி டேங்க்க எட்டிப் பாக்கச் சொன்னா மூச்சு வாங்குது" என்றாள் தையலம்மாள். "ஊர் பூரா நடந்து ஓட்டு கேக்கணும்ல?"

"ஆட்டோவுல போவேன்."

"போங்க. தோத்தா என்ன ஒண்ணும் கேக்காதீங்க. போன தடவ ஒரு வருஷம் உங்க மூஞ்ச பாத்துக்கினு சோறு போட்டது நான்தான்."

இந்த முறை தோற்க முடியாது என்று அவருக்கு நிச்சயம். ஏனென்றால் இந்த முறை தன் சின்னத்திலேயே குத்தப் போகிறார். முடிவு பண்ணிவிட்டார். மறுநாள் கடையில் ஊதுபத்தி ஏற்றும்போது தாத்தாவின் போட்டோவை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரன் வந்து அளவு கேட்டான். பூட்டு இந்தத் தடவையும் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம், கடைத்தெரு ஓய்ந்திருந்த நேரத்தில், பரிதா தெருவைக் கடந்து பாத்திரக்கடைக்கு வந்தார். ஐம்பதைத் தொட்டிருப்பார். முந்தானை தலையில், மாஸ்க் தாடையில். ஸ்டூலைக் காட்டியதும் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க நிக்கறீங்கன்னு சொன்னாங்க."

"யோசன இருக்கும்மா. ஏன், நீங்களும் நிக்கறீங்கதான?"

"நான் நிக்கல. அத உங்க கிட்ட சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

சண்முகசுந்தரத்துக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஜெயிக்க வேண்டிய ஆளே இல்லாமல் ஜெயித்து என்ன பிரயோசனம்? "இன்னாம்மா இப்படி சொல்றீங்க? ஜனங்க உங்களத்தான தேடி வராங்க."

"வராங்க. இல்லன்னு சொல்ல முடியல, போன் பண்ணிக் கேக்கறேன், அவ்ளோதான். பதவின்னா வேற." பரிதா அடுக்கியிருந்த குடங்களைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "போன தடவையே எனக்கு ஆச இல்லண்ணே. சங்கத்துல பேரு குடுத்துட்டாங்க, இவரும் சரின்னுட்டாரு. நான் உங்களுக்குத்தான் ஓட்டு போட்டேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். பூட்டுலதான் குத்தனேன். இவருக்குக்கூட இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏன்னா, நீங்க நல்லா செய்வீங்கன்னுதான். மேர் வூட்டு ஆளு. நாலு எடத்துக்குப் போயி பேசத் தெரிஞ்சவரு. எனக்கு அப்ப கொம்யூன் ஆபீசு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. நீங்க வந்தாதான் வாய்க்கால் வரும்னு நெனச்சேன், குத்திட்டேன். பாத்தா நான் ஜெயிச்சுட்டேன்னு மால போடறாங்க. அழுதுட்டேன். எல்லாரும் சந்தோஷத்துல அழுவறேன்னு நெனச்சுக்கினாங்க." எழுந்துகொண்டார். "அஞ்சு வருஷமும் பயந்துகினேதான் இருந்தேன். உங்களுக்குச் சேர வேண்டியத நான் எடுத்துக்கினேனோன்னு. அதனாலதான் அந்த வாய்க்காலுக்கு அப்படி அலைஞ்சேன். இந்தத் தடவையும் என் ஓட்டு உங்களுக்குத்தாண்ணே."

போய்விட்டார். தெருவைக் கடந்து, கடைக்குள் ஏறி, விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சண்முகசுந்தரம் வியாபாரி. கணக்குப் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கணக்கை மெதுவாகத்தான் போட்டார், விடை தெரிந்துவிடக்கூடாது என்பதைப் போல. நான் என் ஓட்டை அந்தம்மாவுக்குக் கொடுத்தேன். அந்தம்மா தன் ஓட்டை எனக்குக் கொடுத்தார். அதற்கு இது சரியாகிவிட்டது. இரண்டு பேரும் அவரவர்க்கே குத்திக்கொண்டிருந்தாலும் அதே ஒரு ஓட்டில் பரிதாதான் ஜெயித்திருப்பார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. நான் தோற்றேன். முறையாக, சுத்தமாக, ஊர் ஓட்டுப் போட்டுத் தோற்றேன்.

பதினைந்து வருஷத்துக் காப்பி ஒரே மத்தியானத்தில் கசந்துபோனது. ஒரு குண்டான் வாங்க வந்தவளிடம் விலையைத் தப்பாகச் சொன்னார். நேரத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தையலம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சீப்பில் குத்தியது, மறுஎண்ணிக்கையில் நின்றது, இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தது, பரிதா இன்றைக்கு வந்து சொன்னது.

தையலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "அப்ப தோத்தது தோத்ததுதான்" என்றாள்.

"ஆமாம்."

"இதுக்கா பதினஞ்சு வருஷம் அந்தம்மா கிட்ட மூஞ்ச தூக்கினு இருந்தீங்க?"

தோற்றதுகூட இப்போது அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. தாத்தா எதிராளிக்கு ஓட்டுப் போட்டாரே, ஜெயித்துவிடுவோம் என்று தெரிந்துதான் போட்டார். செத்தவர்களெல்லாம் அவருக்குப் போட்டு முடித்த பிறகு, உயிரோடிருந்த அவர் ஓட்டு யாருக்குப் போனால் என்ன? அப்பாவும் அப்படித்தான். தானும் அப்படித்தான். அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால், பரிதா இந்த ஊருக்கு என்ன செய்வார் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தாரா? இல்லை. கும்பிடு எப்படிப் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவோ அதே மறைப்புக்குப் பின்னால் நின்று வாய்க்காலை நினைத்தார், இவரை நினைத்தார், இவர் செய்வார் என்று நம்பிக் குத்தினார். மேர் வீட்டு மூன்று தலைமுறையில் யாரும் அப்படி ஒரு ஓட்டைப் போட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. 'நானும் உங்களுக்குத்தான் போட்டேன்' என்று போய்ச் சொல்லலாம்தான். சொன்னால் அந்தம்மா அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தைப் பொய்யாக வாங்கிக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை.

படுக்கும் முன்னால் ஒரு முடிவுக்கு வந்தார். ஃபிளெக்ஸ் வேண்டாம். காலையில் ஜவுளிக்கடைக்குப் போய், நீங்கள் நில்லுங்கள், மனுவில் உங்களை நான் முன்மொழிகிறேன் என்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் உதுமானைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். ஓட்டுப் போடுகிற அன்று மறைப்புக்குப் பின்னால் போய், தெரிந்து, நினைத்து, ஒரு தடவையாவது ஒழுங்காகக் குத்த வேண்டும்.

விடியற்காலையிலிருந்தே மழை. கடைத்தெருவுக்கு வந்தபோது டீக்கடையில் அதே ஆள் அதே போனைப் பார்த்துச் சொன்னான். தேர்தல் நிறுத்தி வைப்பு. இட ஒதுக்கீட்டில் ஏதோ தகராறாம், கோர்ட்டாம், தேதி அப்புறம் சொல்வார்களாம். யாரும் அதிசயப்படவில்லை. ஒருத்தன் கொட்டாவி விட்டான். சண்முகசுந்தரம் மட்டும் குடையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். போடுவதற்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நல்ல ஓட்டு இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடையைத் திறந்து போட்டோவுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தார். பதினோரு மணி வாக்கில் பூக்கடை ஆரோக்கியசெல்வி நனைந்துகொண்டே ஓடிவந்தாள். பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறுகிறதாம், கடைக்குள் வர ஒரு ஜாண்தான் பாக்கியாம்.

"எலெக்ஷனும் இல்லன்றாங்க. நீங்க நிக்கப் போறீங்கன்னு சொன்னாங்களேன்னு ஓடியாந்தேன்" என்றாள். "யாருகிட்டதான் சொல்றது ஐயா?"

வழக்கமாக இப்படி யாராவது கேட்டால், பாகூருக்குப் போய் ஆபீசரைக் கேள் என்பார். அன்றைக்கு எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாம்மா, தலைவர்கிட்ட சொல்லுவோம்."

ஆரோக்கியசெல்வி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் குடையை விரித்து, அவளையும் சேர்த்துக்கொண்டு, தெருவைக் கடந்தார். ஜவுளிக்கடைப் படியில் அவர் கால் வைத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. கல்லாவில் உதுமான் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே இரண்டு பெண்களுக்குச் சீட்டித் துணி கிழித்துக்கொண்டிருந்த பரிதா நிமிர்ந்து பார்த்தார்.

"தலைவரே" என்றார் சண்முகசுந்தரம். "பஸ் ஸ்டாப்புகிட்ட வாய்க்கால் அடைச்சுக்கினு இருக்கு. ஆபீசுக்கு ஒரு போன் பண்ணுங்க. ஆள் வரலன்னா நேர்ல போவோம், நானும் வரேன்."

பரிதாவின் கையில் துணி பாதி கிழிந்தபடி நின்றது. "இன்னாண்ணே சொன்னீங்க?"

மழை கூரையில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகசுந்தரம் குடையை மடக்கினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார்.

"தலைவரேன்னு சொன்னேன்."